ஊசி இல்லை என்று சொன்னீரே, அது ஏன்?

கேள்வி: ஆறு வயது மகனுக்கு முந்தநாள் கீழ்க் கொடுப்புப் பல் ஒன்று பிடுங்கினோம். ஊசி இல்லை என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து சொண்டைக் கடித்துவிட்டான், வீங்கி வெள்ளையாக இருக்கிறது. சீழோ? வீட்டில் மிச்சமிருக்கிற அன்டிபயோட்டிக் கொடுக்கலாமா? வாய் திறக்கிறான் இல்லை, பல் தீட்டவும் விடுகிறான் இல்லை, ஒரே பிடிவாதம்.
- கொக்குவில் வாசகி

தங்கச்சி, சொண்டை முதலில் முடித்துவிடுகிறேன். விறைப்பூசி போட்டால் சொண்டும் கன்னமும் இரண்டு மூன்று மணித்தியாலம், சிலவேளை அதற்கு மேலும் விறைத்திருக்கும், பிள்ளைக்கு அது புதினம், கடித்துக் கடித்துப் பார்க்கும். அந்த நேரம் பக்கத்தில் யாராவது பெரியவர் இருந்திருக்க வேணும். கடித்த இடத்தில் வெள்ளையாகப் படர்வது பெரும்பாலும் ஆறுகிற புண்தான், ஒரு கிழமை பத்து நாளில் போய்விடும். மிச்ச மருந்தைத் தொடவே வேண்டாம். நோவுக்கு நிறைக்கு ஏற்ற அளவு பனடோல் சிரப், டிஸ்பிரின் கூடாது. புட்டின் குருணி பல் பிடுங்கிய குழிக்குள் போய் இருந்துவிடும், அதனால் இரண்டொரு நாளைக்கு இடியப்பத்தை உறைப்பில்லாத சொதியில் ஊறவைத்துக் கொடும். காய்ச்சல், கன்னம் வீங்கிக்கொண்டே போவது, இரத்தம் நிற்காதது என்றால் உடனே பல் வைத்தியரிடம் போங்கோ.

இனி, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீரே ஒரு வரி, "ஊசி இல்லை என்று சொல்லித்தான்" என்று. அந்தக் கதிரையில் சாய்ந்து, உம்முடைய முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவன் வாயைத் திறந்திருப்பான், பிறகு ஊசி ஏறியது. இப்போது நீர் பிரஷோடு வந்து "நோகாது அப்பு" என்றால் அவன் ஏன் நம்ப வேணும்? இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்காதேயும். ஏமாந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும்.

எங்கள் வீடுகளில் இது பழகிப்போன வேலை. சாப்பிடாவிட்டால் ஊசி போடுவிப்பேன் என்று வெருட்டுவது, உண்மையிலேயே ஊசி போடுகிற நாளில் ஊசியே இல்லை என்பது. எனக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அம்மா சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது தாய் தகப்பனின் கடமை, அதில் அழுகைக்குப் பயந்து குறுக்குவழி தேடக் கூடாது.

இன்றைக்கே அவனை மடியில் இருத்தி, "அம்மா பொய் சொல்லிப்போட்டேன், அது பிழை" என்று சொல்லும். சொக்லேட் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். சின்னப் பிள்ளையிடம் என்ன மன்னிப்பு என்று வீட்டில் யாரும் கேட்டால் கேட்கட்டும். அப்புறம் பிரஷை அவன் கையில் கொடும், முன்பல்லை அவன் தீட்டட்டும், பின்னுக்கு நீர் தீட்டும். புண்ணுக்குக் கிட்டப் போகும்போது, "இதில் கொஞ்சம் நோகும், பத்து எண்ணும் வரைக்கும்தான்" என்று உள்ளதைச் சொல்லிப் பத்தில் நிறுத்தும். பதினொன்றுக்குப் போனீரோ, எல்லாம் போச்சு.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு வயதளவில்தான் பாற்பற்களுக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலே, முதல் நிலையான கொடுப்புப் பல் வரும், அது கெட்டால் திரும்ப முளைக்காது. வாய் திறக்காத பிள்ளையில் அதை யார் பார்ப்பது? பிடுங்கிய இடத்தில் இடைவெளியைக் காக்கக் கம்பி ஏதும் வைக்க வேணுமா என்றும் வைத்தியரிடம் கேட்க வேணும், ஆகவே திரும்ப அங்கே போகத்தான் போகிறீர்கள். என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டறிந்து, கேட்டதை அப்படியே அவனிடம் சொல்லும். ஊசி உண்டா என்று அவன் கேட்டு, உமக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லும்.