துளசி மாடத்துக்கும் அனுமதி வேண்டுமா?

கேள்வி: டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கியிருக்கிறோம். கோடையில் மேற்கு வெயில் பின்பக்கம் முழுக்க இறங்குகிறது. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவால் மாலையில் வெளியே உட்கார முடிவதில்லை. அங்கே பேட்டியோவுக்கு (வீட்டை ஒட்டிய திறந்த தளம்) கூரை போடவும், வாசல் பக்கம் துளசி மாடம் வைக்கவும் ஒரே படிவத்தில் எச்.ஓ.ஏ.விடம் (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதி கேட்டோம். 'குடியிருப்பின் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை' என்று ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். கூரைக்கு நகராட்சி அனுமதி கையில் இருக்கிறது. வேலையைத் தொடங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: தொடங்காதீர்கள். கட்டடம் உறுதியானதா, நகர விதிக்கு உட்பட்டதா என்பதைத்தான் நகராட்சி பார்க்கும். எச்.ஓ.ஏ. கட்டுப்பாடு நீங்கள் வாங்கிய மனையோடு சேர்ந்தே வருவது. மீறிக் கட்டினால் அபராதம் வரும், அப்புறம் கட்டியதைப் பிரிக்கச் சொல்லி வழக்கும் வரலாம்.

அதற்காக அந்த ஒற்றை வரியோடு அடங்கிப் போகவும் வேண்டாம். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்லும் வடிவமைப்புக் குழுவில், எங்கள் குடியிருப்பில் நான் இருந்திருக்கிறேன். காரணம் சொல்லாத மறுப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். டெக்சஸில் 2021-இல் வந்த சட்டத் திருத்தப்படி, 40 மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்களில் மறுப்பை எழுத்தில் தர வேண்டும். ஏன் மறுக்கிறார்கள், எதை மாற்றினால் சரி என்பதும் அதில் விளக்கமாக இருக்க வேண்டும். மறுப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் நிர்வாகக் குழுவிடம் விசாரணை கேட்கலாம். கேட்ட 30 நாளுக்குள் அவர்கள் அதை நடத்தியாக வேண்டும். நிர்வாகக் குழுவில் இருப்பவரோ அவர் கணவர், மனைவியோ வடிவமைப்புக் குழுவில் உட்காரக் கூடாது என்பதும் அதே திருத்தம்தான். பில்டரின் கையில் இன்னும் இருக்கும் புதுக் குடியிருப்புக்கு மட்டும் இது பொருந்தாது. உங்களுடையது அப்படியா என்று முதலில் பாருங்கள்.

விசாரணைக்குக் கூரையை மட்டும் கொண்டுபோங்கள். சர்வே வரைபடத்தில் தூண்கள் நிற்கும் இடத்தைக் குறித்து, வேலியிலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். பின்வேலியை ஒட்டி மின்சாரம், கேபிளுக்கென்று ஒதுக்கிய பட்டை பல மனைகளில் உண்டு. தூண் அதில் விழுந்தால் எந்தக் குழுவும் ஒப்பாது. கூரை ஓடு வீட்டு ஓட்டின் அதே நிறமா, மழைநீர் அடுத்த வீட்டுப் பக்கம் போகாதா என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் தெருவில் ஏற்கெனவே அனுமதித்த கூரைகள் இருந்தால் அவற்றின் படங்கள் நிறையப் பேசும்.

துளசி மாடத்தை இதோடு கலக்க வேண்டாம், அதற்குச் சட்டம் வேறு. மனப்பூர்வமான மத நம்பிக்கையால் வீட்டிலோ மனையிலோ வைக்கும் பொருளை டெக்சஸில் எச்.ஓ.ஏ. தடுக்க முடியாது. முன்பு வாசல் கதவு, நிலைப்படியில் மாட்டும் சின்னப் பொருளுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு இருந்தது. 2021-இல்தான் மனை முழுவதற்கும் விரிந்தது. ஆனாலும் பொது இடத்தில் வைக்கக் கூடாது, தெருப்பக்கக் கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் கோடும் சர்வேயிலேயே இருக்கும். மாடத்தை அதற்கு உள்ளே தள்ளி வைத்து, இது எங்கள் வழிபாட்டுக்கானது என்று தனிக் கடிதம் கொடுங்கள்.