கேட்பதும் பொய் என்பதோடு நின்றுவிட்டோமா? – கேள்வி பதில்

இன்டர்நெட் வந்த பிறகு மனிதர்கள் எதையும் நம்பாதவர்களாக ஆகிவிட்டார்களா என்று போன மாதம் ஒரு பேச்சு வந்தது. அதையொட்டித் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை பலர் கேள்வி எழுதி அனுப்பினீர்கள். நான் பாம்பனில் பிறந்தவள், 22 வருடம் கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உச்சிப்புளி, ஓய்வு பெற்ற தபால்காரர்: டீச்சரம்மா, நான் சைக்கிளில் மணியார்டர் கொண்டுபோய்க் கொடுத்தவன். கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். இப்போது கூரியர் பையனைக்கூட வாசலிலேயே நிறுத்திச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எல்லாம் இந்த செல்போனால்தானே?

ஐயா, நம்பிக்கை குறைந்தது உண்மை. அதை முழுக்க செல்போன் கணக்கில் எழுத முடியாது. அமெரிக்காவில் ஒரே கேள்வியைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் சரியானதைச் செய்யும் என்று நம்பியவர்கள் 1964இல் 100க்கு 77 பேர். 1980இல் 30 பேர்கூட இல்லை. நடுவில் வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் வந்தன. இன்டர்நெட் வீடுகளுக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்ததே 1995 ஆகஸ்டில்தான். நம் கரையில் கைக்குக் கை வந்தது 2016இல் ஜியோ மலிவாக டேட்டா கொடுத்த பிறகு.

"பெரும்பாலானவர்களை நம்பலாம்" என்றவர்களும் அங்கே 1972இல் 46 பேராக இருந்து 2018இல் 34 ஆகியிருக்கிறார்கள். சரி, மனிதர்கள் அந்த அளவுக்குக் கெட்டுப்போனார்களா? 2019இல் வெளியான ஓர் ஆய்வை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களைக் கொண்டுபோய், "வழியில் கிடந்தது" என்று ஹோட்டல், வங்கி, தபால் அலுவலகம் மாதிரி இடங்களில் கொடுத்துவிட்டு வந்தார்கள். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. காலிப் பர்ஸ் 100க்கு 40தான் உரியவருக்குத் தகவல் போனது. பணம் இருந்த பர்ஸ் 51. கூடுதல் பணம் வைத்துப் பார்த்தபோது இன்னும் கூடியது.

2023இல் வந்த இன்னோர் ஆய்வு, குறைந்தது 60 நாடுகளில் மக்கள் "முன்பு நல்லவர்கள் இருந்தார்கள், இப்போது இல்லை" என்று சொல்வதைக் காட்டியது. 70 வருடம் முன்பும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். பழைய கெட்ட நினைவு சீக்கிரம் மங்குகிறது, இன்றைய கெட்ட செய்தி கண்ணில் முதலில் படுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். உங்கள் காலத்திலும் மணியார்டரில் கை வைத்தவர்கள் இருந்திருப்பார்கள் ஐயா. உங்களுக்கு நினைவிருப்பது அந்த முந்தானை முடிச்சு. அது நல்லதுதான்.

மண்டபம், பிளஸ் டூ மாணவி: மிஸ், எங்கள் வகுப்பில் ஒருவன் எதைக் காட்டினாலும் "எல்லாம் ஸ்கிரிப்ட், எல்லாம் காசு" என்பான். எல்லோரும் அவனைத்தான் பெரிய அறிவாளி என்கிறார்கள்.

அப்படித்தான் தோன்றும். "ரெண்டு பேரில் யார் புத்திசாலி, நம்புகிறவனா நம்பாதவனா?" என்று கேட்டால் பலர் நம்பாதவனைத்தான் காட்டுகிறார்கள். 30 நாடுகளில் இரண்டு லட்சம் பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்த ஆய்வில், எல்லோரையும் சந்தேகப்படுகிறவர்கள் அறிவுத் தேர்வுகளில் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகத்தான் வாங்கியிருந்தார்கள்.

கேட்பதும் பொய், கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா. உன் வகுப்புப் பையன் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறான். மூன்றாவதுக்குத்தான் உழைப்பு வேண்டும். எதையும் விசாரிக்காமல் நம்புகிறவனும் எதையும் விசாரிக்காமல் தள்ளுகிறவனும் ஒரே வேலையைத்தான் தட்டிக்கழிக்கிறார்கள். அடுத்த முறை அவன் "ஸ்கிரிப்ட்" என்றால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேள். சண்டைக்காக வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேள்.

பாம்பன், ஃபைபர் படகுக்காரர்: அக்கா, கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை வருகிறது. வீட்டில் உட்கார்ந்தால் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. அன்றைய பாடு போச்சு. இதை எப்படி நம்பச் சொல்கிறீர்கள்?

தம்பி, உன் கோபம் நியாயம். பாடு போவது வயிற்றில் அடிக்கிற விஷயம், யாரும் அதைச் சின்னதாகப் பேசக்கூடாது.

ஆனால் எந்தக் கடல் குளமாகக் கிடந்தது என்று பார். தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து எழுந்து வரும் பெரிய அலை நம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், மோதும். வடகடலை, அதாவது பாக் விரிகுடாவை, இலங்கை மறைத்துக்கொள்ளும்.  தென்கடலுக்குச் சொன்ன எச்சரிக்கையை வடகடல் கரையில் நின்று பார்த்தால் பொய் மாதிரிதான் தெரியும். அப்புறம், எச்சரிக்கை என்பது வாய்ப்பைச் சொல்வது. பத்து தடவை சொல்லி ஆறு தடவை அடித்தாலும் அது நல்ல எச்சரிக்கை.

எச்சரிக்கையே போய்ச் சேராத காலம் எப்படி இருந்தது என்று உன் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கடலில் போனது. நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவைப் பார்க்கலாம். 1999 புயலில் செத்தவர்கள் பத்தாயிரம் பேர் அளவில். 2013 ஃபைலின் புயலுக்குச் சுமார் பத்து லட்சம் பேர் வீட்டை விட்டுக் கிளம்பிப் போனார்கள். சாவு சில பத்துகளில் நின்றது. நடுவில் 14 வருடம் தங்குமிடம் கட்டினார்கள், ஒத்திகை பார்த்தார்கள், மக்கள் சொன்னதைக் கேட்கவும் தொடங்கினார்கள்.

ஒரு நோட்டு போடு. ஐதராபாத்தில் இருந்து கடல் எச்சரிக்கை தரும் இன்காய்ஸ் நிறுவனம் சொன்னதையும் அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்பதையும் ஆறு மாதம் எழுது. வடகடல், தென்கடல் தனித்தனியாக எழுது. ஆறு மாதம் கழித்து எவ்வளவு நம்பலாம் என்று உன் நோட்டே சொல்லும். என் அப்பா காற்றை இப்படித்தான் படித்தார்: கச்சான் எந்தத் தேதியில் திரும்பியது, வாடை எப்போது விழுந்தது என்று வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைப்பார். வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு முழம் சுவரை மட்டும் அம்மா விட்டுவிடுவார்.

தங்கச்சிமடம், மீன் விற்கும் அம்மா: காலையில் பிடித்த நகரையைக் கூடையில் வைத்திருக்கிறேன். "பார்மலின் போட்டதுதானே" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி கேட்கிறார்கள். செல்லில் ஏதோ வீடியோ பார்த்தார்களாம்.

உங்கள் கேள்வியை எழுதித் தந்த பேத்திக்கு நன்றி அம்மா. அந்தப் பயம் ஒன்றுமில்லாமல் வந்ததில்லை. 2018இல் கேரளத்தில் அதிகாரிகள் பார்மலின் கலந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோ பிடித்தார்கள். பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து அது. ஜனங்கள் பயந்தது சரி. தப்பு எங்கே என்றால், பல நாள் லாரியில் வந்த மீனுக்கு வந்த சந்தேகத்தைக் கரையில் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத மீன் மேலும் போடுவதில்.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன் மேல் தேய்த்துச் சில நிமிடத்தில் பார்மலின் உண்டா இல்லையா என்று காட்டும் காகிதப் பட்டையைக் கண்டுபிடித்திருக்கிறது. உங்கள் மகளிர் குழு மூலம் ஒரு பெட்டி வாங்கிவைக்க முடியுமா என்று மீன்வளத் துறையில் கேட்டுப் பாருங்கள். அதுவரை, கேட்கிறவர் முன்னால் செவுளைத் தூக்கிக் காட்டுங்கள், சதையில் விரலை அழுத்தச் சொல்லுங்கள். கேட்டவரைத் திட்டி அனுப்பாதீர்கள் அம்மா. கேட்டவர் திரும்பி வருவார். கேட்காமல் போனவர்தான் வரமாட்டார்.

கீழக்கரை, ஒரு சகோதரி: என் தம்பியை வெளிநாட்டு வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான். நகையை விற்றுக் கொடுத்த பணம். இனி யாரையும் நம்பமாட்டேன் என்று வாப்பா உட்கார்ந்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதவில்லை. வாப்பாவிடம் "நம்புங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் அனுபவித்திருக்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லலாம். ஏமாந்தவர் பெரும்பாலும் எல்லோர் மேலும் கதவைச் சாத்திவிடுகிறார். சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு நல்ல ஏஜென்ட் எவர், கெட்டவர் எவர் என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே வருவதில்லை. ஜப்பானில் யமகிஷி என்ற ஆய்வாளர் இதைத்தான் கண்டார்: பிறரைப் பொதுவாக நம்புகிறவர்கள் ஏமாளிகள் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் யார் ஏமாற்றுவார் என்று கண்டுபிடிப்பதில் அவர்களே தேறியிருந்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983ஆம் வருடச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். இல்லாதவர் என்றால் அடுத்த வார்த்தை பேச வேண்டாம். பணம் ஆன்லைனில் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தம்பி ஏமாந்ததை வெட்கம் என்று மறைக்காதீர்கள். மறைத்தால் அடுத்த தெருப் பையனும் அதே ஆளிடம் போவான்.

தொண்டி: பொய்ச் செய்தி ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

புதிதாக இருக்கிறது, திடுக்கிட வைக்கிறது, அதனால். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்ததில், உண்மை 1,500 பேரைத் தொட எடுத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு நேரமே பொய்க்குப் போதுமாக இருந்தது. பரப்பியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற மனிதர்கள், இயந்திரங்கள் குறைவு. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியில் திருவண்ணாமலைப் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அந்த வருடம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது.

மூக்கையூர்: கடற்கரை ஊரில் ஒருவரை ஒருவர் நம்பித்தான் தொழில். இங்கேயும் இது குறைகிறதே, ஏன்?

தொழில் மாறுவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிரேசிலில் அடுத்தடுத்த மீனவ ஊர்களில் ஓர் ஆய்வு நடந்தது. கடலில் பெரிய படகில் கூட்டாகப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஏரியில் தனித்தனியாகச் சின்னப் படகில் போகிறவர்கள் இன்னொரு பக்கம். கடல்காரர்கள் ஒருவரை ஒருவர் அதிகம் நம்பினார்கள். தொழிலில் வருடம் ஏற ஏற இந்த வித்தியாசம் கூடியது. பிறவியில் வந்த குணம் என்று சொல்ல முடியாது. செய்த வேலை கற்றுக்கொடுத்தது.

எனக்கு உடனே கரைவலைதான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, காலை மணலில் ஊன்றிப் பின்னாலேயே நடப்பார்கள். ஒருவன் பொய்யாக இழுத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கயிற்றிலேயே தெரிந்துவிடும். மடி கரையேறியதும் பங்கு எல்லோர் கண்முன்னால் பிரியும். இன்று செல்போனில் திட்டுகிறவருக்கும் திட்டு வாங்குகிறவருக்கும் நடுவில் அப்படி ஒரு கயிறு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கேட்டு ஏமாந்த மீனவர் "இனி நம்பமாட்டேன்" என்றால், அவரை அவநம்பிக்கைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அது கணக்கு.

ராமேஸ்வரம்: ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வரும் படங்களை நம்பலாமா அக்கா?

பார்த்துவிட்டு நம்பலாம். ஆஸ்பத்திரிக்கு நாமே தேடி எடுத்த எண்ணில் போன் போடலாம், பணம் போகும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம், அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் கேட்கலாம்.

மூன்று வருடம் முன்பு எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு இருதயத்தில் ஆபரேஷன். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு உதவி கேட்டார்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒருவர், "இதெல்லாம் பழைய படம், ஃப்ராடு, யாரும் போடாதீர்கள்" என்று எழுதினார். அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அடித்துச் சொன்னார். அதோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள், நானும்தான். பையனின் அப்பா மதுரையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறார். "எம் புள்ளைய பொய்ங்கிறாங்க" என்று மனைவியிடம் சொன்னாராம்.

மறுநாள் மதியம் கருவாடு விற்கும் ஓர் அக்கா அந்த வீட்டுக்கு நடந்தே போனார். இரண்டு தெருதான். பாட்டியிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசி அனுப்பினார்: "நாந்தேன் பேசுறேன். வீட்டுக்கு வந்துட்டேன். சீட்டப் பாத்தேன். புள்ள பேரும் படமும் சரியா இருக்கு. எங்கிட்ட இருநூறு ரூவா இருக்கு, குடுத்துட்டேன்."

சாயந்திரத்துக்குள் பணம் வர ஆரம்பித்தது.