ஜட்கா வண்டியில் ஏறியதும் "முன்னே தள்ளி உட்காருங்க" என்று வண்டிக்காரர் சொல்வது ஏன்?

பின்னால் வருகிறவருக்கு இடம் விடச் சொல்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அச்சுக்கு முன்னும் பின்னும் பாரம் சமப்பட்டு, குதிரை வதைபடாமல் இருக்கச் சொல்வது.

சென்னை ராஜதானி ஊர்களில் ரயிலடி தோறும் நின்ற இந்த வாடகை வண்டிக்கு இரண்டே சக்கரம். அச்சு தராசு முள் மாதிரி நடுவில் இருக்கிறது. அச்சுக்கு முன்னால் உள்ள எடை, குதிரையின் இருபுறமும் நீளும் ஏர்க்கால்கள் வழியாகச் சேணத்தில் இறங்கும். பின்னால் உள்ள எடை அதே ஏர்க்கால்களை மேலே தூக்கும்.

வட இந்தியக் குதிரை வண்டியான டோங்காவில் இந்தத் தொல்லை குறைவு. முதுகோடு முதுகாக இரண்டு இருக்கை, முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று பாரம் தானாகவே ஓரளவு சமப்பட்டுவிடும். ஜட்காவில் இருக்கையே கிடையாது. பலகைத் தளத்தில் புல்லைப் பரப்பி, மேலே சாக்கு விரித்து, காலை மடக்கி உட்கார வேண்டும் (அந்தப் புல்லே குதிரைக்குத் தீனியும் ஆகும்). ஏறுவதும் பின்பக்கமாக. கனத்த ஆள் ஒருவர் பின்படியில் கால் வைத்த உடனே ஏர்க்கால் மேலே எழும்பும், வயிற்றுவார் குதிரையை அடியிலிருந்து இழுக்கும். அப்படியே மேட்டில் ஏறினால் முன்கால்களுக்குப் பிடிப்பு போய்விடும். அதனால்தான் ஆள் ஏறி முடிக்கும்வரை வண்டிக்காரர் முன்னால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

முன்பாரம் இதைவிடக் கெடுதல், ஏனென்றால் வெளியே தெரியாது. சேணத்தின் இரண்டு மெத்தைகளும் முதுகெலும்பின் இருபக்கச் சதையில்தான் உட்கார வேண்டும், எலும்பைத் தொடக் கூடாது. மெத்தை நைந்துபோன சேணத்தில் முன்பாரமும் சேர்ந்தால் எலும்பின் மேலேயே உரசிப் புண்ணாகும். செந்நிறக் குதிரையின் முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் மட்டும் வெள்ளை மயிர்த் திட்டு தெரிந்தால், அது பெரும்பாலும் பழைய சேணப்புண் ஆறிய இடம். சவுக்கைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் இந்தத் திட்டையும் பார்க்க வேண்டும். தவறாக ஏற்றிய பாரம்தான் சவுக்கைவிட அதிகம் வதைக்கிறது.

சரிபார்ப்பது சுலபம். சமதரையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஏர்க்கால் நுனியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். லேசாக எழும்பி, விட்டால் தானே இறங்க வேண்டும். சேணத்தில் சில கிலோ மட்டும் நின்றால் போதும். மேட்டில் பயணிகள் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால். இறக்கத்தில் வண்டி குதிரையின் மேல் மோதாமல் நிறுத்துவது பின்தொடையைச் சுற்றிவரும் வார்தான். அது தொளதொளவென்று இருந்தால் ஏர்க்கால் முன்னே ஓடிக் குதிரையை மிரள வைக்கும்.

மார்புப்பட்டையும் அவ்வளவு முக்கியம். மேலே ஏறினால் மூச்சுக்குழலை அழுத்தும், கீழே இறங்கினால் தோள்மூட்டு அசைய விடாது.

மரச்சக்கரத்துக்குக் கோடைதான் எதிரி. வட்டையும் (சக்கரத்தின் மர விளிம்பு) ஆரக்காலும் காய்ந்து சுருங்க, அதைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டா தளர்ந்து 'கடகட' என்னும். சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி இறுகும். இது தற்காலிகம்தான், பட்டாவைக் கழற்றி, சிறிதாக்கி, காய்ச்சிப் போடுவதே சரியான வேலை. சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் செருகிய கடையாணியைத் தினமும் பார்க்க வேண்டும்.

லாடத்தை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குளம்பைச் சீவ வேண்டும். லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆணி குளம்பின் வெளிச்சுவரிலேயே ஏறி வெளியே வர வேண்டும், உள்ளே சாய்ந்தால் நொண்டும். கொள்ளை ஊறவைத்து வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால், வயிற்றில் உப்பினால் உயிருக்கே ஆபத்து.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இருக்கின்றன. வண்டிக்காரரும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக 4 பேர். வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணிவரை வண்டியில் பூட்டவே கூடாது. ஐந்தாவது ஆளாக ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.