அந்த நாவல்களில் சீருடை தைத்தவன் எங்கே?

கேள்வி: எல்லோரும் ஒரே அச்சில் இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் உலகங்களைப் பற்றிய ‘1984’ போன்ற நாவல்களில், தனித்து நிற்க நினைப்பவன் கடைசியில் ஏன் தோற்றுப்போகிறான்? நம் வாழ்க்கைக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

கேட்டவர் கல்லூரி மாணவர் என்று ஊகிக்கிறேன். நாளைக்குத் தேர்வு, பத்து மதிப்பெண்ணுக்கு எழுதவேண்டும் என்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள். நான் பேராசிரியர் இல்லை. ஊட்டி அப்பர் பஜாரில் அப்பா காலத்திலிருந்து தையல் கடை வைத்திருக்கிறோம். பிழைப்பு பெரும்பாலும் பள்ளிச் சீருடை. தையல்காரனுக்கு ‘1984’ எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் எதற்கு என்று கேட்க வாயெடுப்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். என் மகள் ஆங்கில இலக்கியம் படித்தாள். கட்டணம் கட்டியவன் நான். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமையாவது எனக்கு இருக்காதா? மழைக்காலத்தில் கடைக்கு ஆள் வராத மத்தியானங்களில் ஒவ்வொன்றாக வாசித்தேன். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். இரவு அவள் விளக்குவாள்.

இந்த வகை நாவலைத் திறந்ததும் மற்றவர்கள் எதைக் கவனிப்பார்களோ, நான் துணியைப் பார்ப்பேன். ஸாமியாத்தின் என்ற ரஷ்யர் எழுதிய ‘நாம்’ நாவலில் எல்லோருக்கும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரே சீருடை, மார்பில் எண் பொறித்த தங்கத் தகடு. பெயரே கிடையாது; கதை சொல்பவன் டி-503. வீட்டுச் சுவர்கள் கண்ணாடி. 1924லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்ட அந்தப் புத்தகம் அவருடைய சொந்த நாட்டில் வெளிவர 1988 ஆயிற்றாம். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவலான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’டில் மக்களைப் பிரித்து வைத்த பிரிவுக்கு ஒரு நிறம்: காமாவுக்குப் பச்சை, டெல்டாவுக்குக் காக்கி, எப்சிலானுக்குக் கறுப்பு. ஆள் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை, துணியைப் பார்த்தால் போதும்.

எல்லாவற்றிலும் என்னை அசத்தியது லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’. 1993இல் பிள்ளைகளுக்காக எழுதியது. அதில் நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முதுகுப்பக்கம் பட்டன் வைத்த சட்டை. தானாகப் போட்டுக்கொள்ள முடியாது, இன்னொரு பிள்ளைதான் போட்டுவிட வேண்டும். ஒருவரையொருவர் சார்ந்து வாழப் பழக்குகிறார்களாம். ஏழு வயதானால்தான் பட்டன் முன்பக்கம் வரும். இதை யோசித்தவர் காஜா எடுத்துப் பழகியவராக இருக்கவேண்டும் என்று மகளிடம் சொன்னேன், சிரித்தாள்.

அந்த நாவலில் இன்னொரு விஷயம். அவர்கள் ஊரில் மலையே இல்லை. சரக்கு வண்டிகள் மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது என்று மலைகளையும் இல்லாமல் செய்துவிட்டார்கள். எங்கள் ஊருக்குக் கோடையில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான் போலிருக்கிறது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆரன் அடித்துக்கொண்டே வருகிறார்கள், அடித்தால் மலை ஒதுங்கி வழிவிடும் என்பதுபோல. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்றார்கள். மே மாதத்தில் சேரிங்கிராசைத் தாண்ட எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகிறது. தைத்த கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்க் கொடுக்கிறேன். கோவையிலிருந்து லைனிங் துணி கொண்டுவருகிறவரோ ஒவ்வொரு முறையும் போன் செய்து ‘எனக்கும் பாஸ் வேண்டுமா’ என்று கேட்கிறார். நானா பாஸ் கொடுக்கிறேன்? சரி, இது வேறு கதை.

‘1984’க்கு வருகிறேன். 1949இல் வெளிவந்தது. கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் போட்டிருப்பது கட்சியின் சீருடையான நீல நிற ஓவரால். வீட்டுச் சுவரிலேயே ஒரு திரை, அது அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் உடற்பயிற்சியின்போது அவன் சரியாகக் குனியவில்லை என்று எண்ணைச் சொல்லி அதட்டும். அந்த மனிதன் ஒரு பழைய பொருள் கடையில், உள்ளே பவழம் வைத்த ஒரு கண்ணாடிக் குண்டு வாங்குகிறான். காகிதத்தின்மேல் வைக்கிற கனம், அவ்வளவுதான். ஆனால் கட்சிக்காரன் கையில் அது இருப்பதே சந்தேகத்துக்கு இடம் தரும். அதை அவன் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். கனமாக இருக்கிறது, ஆனால் வெளியே அவ்வளவாகப் புடைத்துத் தெரியவில்லை என்று ஆர்வெல் எழுதுகிறார். இந்த வரியில் பென்சில் கோடு போட்டேன். புரியாததால் போட்ட கோடு இல்லை.

‘பெரிய அண்ணன்’ என்று அழைக்கப்படும் அந்தத் தலைவனின் ஆட்சியிலேயே, அந்தக் கட்சிச் சீருடையிலேயே, பாக்கெட் இருந்திருக்கிறது. புடைப்புத் தெரியாத அளவுக்கு ஆழமாகவும் தளர்வாகவும் யாரோ வெட்டித் தைத்திருக்கிறான். அவன் யார் என்று எந்த நாவலும் சொல்வதில்லை. எதிர்த்து நிற்பவனைப் பற்றி எழுதுகிறார்கள், ஆள்பவனைப் பற்றி எழுதுகிறார்கள். நடுவில் மிஷினில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரியும்.

சொல்வதற்கு முன் ஒன்று. சீருடையே கூடாது, ஒழுக்கமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சீருடை தைத்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது. எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளையும் பங்களாப் பிள்ளையும் ஒரே வரிசையில் ஒரே துணியில் நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். நான் சொல்லவருவது பாக்கெட்டைப் பற்றி.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மலையில் உள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு அப்பாதான் கோட்டும் பேண்டும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம், இங்கே எத்தனையோ பள்ளிகள். அந்த ஆண்டு புதிதாக வந்த நிர்வாகிக்கு, பையன்கள் பேண்ட் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நடப்பது ஒழுங்கீனமாகத் தெரிந்தது. சைடு பாக்கெட் இரண்டையும் தைத்து மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. கைக்குட்டை வைக்கப் பின் பாக்கெட் மட்டும் இருக்கலாம். 180 பேண்ட், ஆக 360 பாக்கெட் வாய். அப்பாவும் நானும் மூன்று இரவு உட்கார்ந்து தைத்தோம். அது ஜூலை மாதம். ஊட்டியின் ஜூலையைத் தெரியாதவர்கள் குளிர் என்றால் டிசம்பர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். காற்றும் சாரலும் எலும்புக்குள் இறங்கும். ஊசியில் நூல் கோக்க விரல் மடங்காது. கரி இஸ்திரிப் பெட்டியின் பக்கத்தில் கையைக் காட்டிக் காட்டித்தான் தைத்தேன். கை வைத்துக்கொள்ளும் இடத்தை மூடுவதற்காக என் கையைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பையன் கோட்டோடு வந்தான். பதின்மூன்று வயது இருக்கும். சனிக்கிழமை வெளியே விடும் நேரம். ‘‘அண்ணா, உள்ளே ஒரு பாக்கெட் வைத்துத் தர முடியுமா? வெளியே தெரியக்கூடாது’’ என்றான். எதற்கு என்று கேட்டேன். வர்க்கி வைத்துக்கொள்ள என்றான். இப்போது புவிசார் குறியீடெல்லாம் வாங்கிவிட்ட அதே ஊட்டி வர்க்கிதான். இரவில் படுக்கையில் உட்கார்ந்து தின்பானாம். அதோடு, ஒரு கையையாவது கோட்டுக்குள் விட்டுக்கொள்ளலாம் என்று நெப்போலியன் மாதிரி நின்று காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது மார்புக்குக் கீழே லைனிங்கைப் பிரித்து, அதே கறுப்புத் துணியில் பையடித்து, ஓரத்தைக் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்த வயதில் நான் செய்த நல்ல வேலை அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சுருக்கம்கூடத் தெரியாது.

காட்டிக்கொடுத்தது வர்க்கிதான். அந்தப் பண்டத்தைத் தின்றவர்களுக்குத் தெரியும், தொட்டால் செதில் செதிலாக உதிரும், எண்ணெய் ஊறும். சலவைக்குப் போன கோட்டின் லைனிங்கில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஒரு மத்தியானம் வார்டன் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து கட்டிங் மேசைமேல் உட்புறம் வெளியே தெரியும்படி விரித்துப் போட்டார். அப்பா துணி எடுக்கக் கோவை போயிருந்தார். ‘‘இது உன் தையல்தானே, தம்பி?’’ என்றார். மிரட்டவில்லை. மேசை ஓரத்தில் எங்கள் ஆர்டர் நோட்டு கிடந்தது, அடுத்த வருடத்துக் கணக்கு எழுதாமல் வெறும் பக்கமாக. அவர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

‘‘பள்ளியில் அனுமதி வாங்கிவிட்டதாகப் பையன் சொன்னான் சார்’’ என்றேன்.

அவன் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, எலிக்கூண்டைக் காட்டவில்லை. கேட்ட மறு நிமிடம் என் வாயிலிருந்து வந்தது. அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவும் என்னிடமே கொடுத்தார். பிளேடால் ஒவ்வொரு தையலாக எடுத்தேன். திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் அந்தப் பையனைக் கோட்டை உட்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்க வைத்தார்களாம். கறை எல்லோருக்கும் தெரியும்படி. சலவைக்காரர் வந்து சொன்னார். எங்களுக்கு அடுத்த வருட ஆர்டர் வந்தது.

‘1984’ஐ வாசிக்கும்போது சித்திரவதை அறையான அறை எண் 101 வருகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன். உலகத்திலேயே கொடுமையான விஷயம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்கிறான், வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் கட்சி அதிகாரி ஓப்ரையன். வின்ஸ்டனுக்கு அது எலி. முகத்துக்கு நேரே கூண்டு வந்ததும், தனக்கு வேண்டாம், தன் காதலி ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று கத்துகிறான். ஏழு வருடமாக உன்னைக் கவனித்துவருகிறேன் என்று ஓப்ரையன் அவனிடம் முன்பே சொல்லியிருக்கிறான். ஏழு வருடம் அளவெடுத்திருக்கிறான் என்று நான் படித்தேன்.

வெளியாட்களுக்குத் தெரியாத தொழில் ரகசியம் ஒன்று இது. 180 கோட்டும் ஒரே மாதிரித் தெரியவேண்டும் என்றால் 180 பேரையும் தனித்தனியாக அளக்கவேண்டும். எந்த இரண்டு தோளும் ஒன்றாக இருக்காது. ஒருவனுக்கு வலது கை அரை அங்குலம் நீளம், ஒருவனுக்கு முதுகு வளைவு. தாழ்ந்த தோளுக்கு உள்ளே பஞ்சுப் பட்டை வைத்து உயர்த்துவோம். வரிசையில் நிற்கும்போது எல்லோரும் சமமாகத் தெரிவார்கள், பட்டை எவன் தோளில் இருக்கிறது என்பது தையல்காரனுக்கு மட்டும் தெரியும். இப்போதெல்லாம் பள்ளிகள் கீழ்நாட்டிலிருந்து ரெடிமேட் வரவழைக்கின்றன: இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு. பிள்ளைகள் கோட்டுக்குள் தொலைந்துபோய் நிற்கிறார்கள். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரெடிமேட் போட்ட கூட்டத்தில் யார் யார் எப்படி வேறுபடுகிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அளவெடுத்துத் தைத்தால்தான் தெரியாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில்: அந்த நாவல்களில் தனித்து நிற்பவன் தோற்பதற்குக் காரணம் அவனை அரசு கும்பலோடு கும்பலாகப் பார்ப்பதில்லை என்பதுதான். அவனுடைய தோள் எங்கே தாழ்கிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். வின்ஸ்டனுக்கு எலி. எனக்கு வெறும் பக்கமாகக் கிடந்த ஆர்டர் நோட்டு. டி-503க்குக் கற்பனை வரும் இடத்தையே மூளையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதையும் ஒரு மருத்துவர்தான் கையை நடுங்காமல் செய்திருப்பார், செய்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

எல்லா நாவலும் தோல்வியில் முடிவதாகவும் சொல்லமுடியாது. ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில் புத்தகத்தை எரிக்கும் வேலை பார்த்தவனே தப்பிப்போய், ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்களோடு சேர்கிறான். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் அதையே சொல்வேன். ‘1984’ஐப் பிறகு படியுங்கள், உடம்பு நன்றாக இருக்கும்போது.

விடுதலையான பிறகு வின்ஸ்டனும் ஜூலியாவும் மார்ச் மாதக் குளிரில் ஒரு பூங்காவில் சந்திக்கிறார்கள். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அவள் சொல்கிறாள், அவனும் சொல்கிறான். அதையாவது சொல்லிக்கொண்டார்கள். மறு வருடம் ஜூனில் அளவெடுக்க டேப்போடு அந்தப் பள்ளிக்குப் போனேன். வரிசையில் அவனும் நின்றான். முறை வந்ததும் ‘‘வணக்கம் அண்ணா’’ என்று சொல்லிவிட்டுக் கையை விரித்துக் கொடுத்தான். ஒரு அங்குலம் வளர்ந்திருந்தான். நான் டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன். அப்பா பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மார்பு முப்பது என்றேன். கை இருபத்திரண்டரை. இடது தோள் கால் அங்குலம் தாழ்வு.