மணலா, ரப்பரா?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள பூங்காவில் குழந்தைகள் விளையாடும் இடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். என்னைப் போல் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் ரப்பர் டைல் கேட்கிறோம். என் மாமனாரும் அவருடைய வாக்கிங் கோஷ்டியும் 'மணல் கொட்டினால் போதும், மே மாசத்தில் ரப்பர் தோசைக்கல்லாகிவிடும்' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யார் பக்கம் கை தூக்குவது?
- ஒரு வாசகி, மயூர் விகார், டெல்லி

பதில்: கை தூக்குவது இருக்கட்டும், முதலில் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய் வாருங்கள். எதைக் கொட்டுவது என்று சண்டை போடும் யாரும், குழந்தை எவ்வளவு உயரத்திலிருந்து விழும் என்று அளந்து பார்ப்பதில்லை. சறுக்குமரத்துக்கு அந்த உயரம் மேல்தட்டு வரை. ஊஞ்சலுக்கோ சங்கிலி மாட்டியிருக்கும் மேல் கம்பி வரை, உட்காரும் பலகை வரை அல்ல, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 9 அங்குல மணல் 4 அடி உயரம் வரைதான் தாங்கும். அதே 9 அங்குலத்துக்கு மரச்சில்லு போட்டால் 10 அடி. ஆக, உங்கள் ஊஞ்சல் கம்பி 8 அடியில் இருந்தால் மாமனாரின் மணல் தோற்றுப்போகிறது. அதற்காக நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். டைலில் தடிமன்தான் விஷயம். ஒரு அங்குல டைல் காலுக்கு மெத்தென்று இருக்கும், 8 அடியிலிருந்து விழும் தலைக்கு அது போதாது. எத்தனை அடி உயரத்துக்குச் சோதித்தது என்ற சான்றிதழை ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்த ஒரு பூங்காவில் டைலின் மூலை பப்படம் போல மேலே வளைந்து நின்றது, அடியில் வெறும் சிமென்ட், ஒரு பையன் அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

தோசைக்கல் விஷயத்தில் மட்டும் மாமனார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. டெல்லி வெயிலில் கறுப்பு ரப்பர் மேல் வெறுங்காலை வைத்தால் பொத்துப்போகும். வெளிர் நிறத்தில் கேளுங்கள், மேற்கே ஒரு வேப்பமரமோ பந்தலோ இருக்கட்டும். மரச்சில்லு கணக்கில் முதல் மார்க் வாங்கினாலும் ஜூலை மழையில் ஊறி மக்க ஆரம்பித்துவிடும், வருஷா வருஷம் மேலே கொட்ட யார் காசு தருவார்கள் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே, சுற்றிலும் 6 அடிக்குக் குறையாமல், தடிமனான ரப்பர். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கும் அதுதான் வழி, மணலில் சக்கரம் புதைந்துவிடும். ஒரு ஓரமாகச் சின்னதுகள் வீடு கட்டி விளையாட மணல் குழி. கட்டட வேலைக்கு வரும் பதர்பூர் மணலைக் கொட்டிவிடாதீர்கள், முழங்காலைச் சிராய்த்துவிடும். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் காலையில் தெருப் பூனைகளுக்கு அதுதான் கழிப்பறை. மூடுகிற பொறுப்பை வாக்கிங் கோஷ்டியிடமே கொடுத்துவிடுங்கள், எப்படியும் அவர்கள்தானே பூங்காவுக்கு முதலில் வருகிறார்கள், கடைசியில் போகிறார்கள்.

கேள்வி: நாங்கள் எல்லாம் மண்தரையில் விழுந்து எழுந்துதான் வளர்ந்தோம். இதற்கு இவ்வளவு செலவா?
- ஒரு வாசகர், ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: விழுந்தோம் சார், ஆனால் பாதி நேரம் உழுத வயலிலும் ஆற்று மணலிலும். மே மாசம் உங்கள் செக்டார் பூங்காவில் ஊஞ்சலுக்குக் கீழே கால் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமான இடத்தில் ஒரு சாவியால் தட்டிப் பாருங்கள், டங்கென்று சத்தம் வரும். அந்தக் கையேடு மண்தரையையும் புல்லையும் பாதுகாப்பான தரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.