டொக்டர், எத்தனை மணிக்குச் செத்தவர்?

அன்புள்ள அக்கா,

கொழும்பில இருந்துகொண்டு 'கொலம்போ' பாக்கிறன், சிரிக்காதேங்கோ. பீற்றர் ஃபோக் நடிச்ச அந்தப் பழைய தொடர்தான், நண்பன் ஒருத்தன் திறம் எண்டு சொன்னதால தொடங்கினன். ஆனா ஆர் கொலைகாரன், எப்பிடிச் செய்தவன் எண்டு தொடக்கத்திலயே எல்லாத்தையும் காட்டிப்போடுறாங்கள். பிறகு ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து எதைப் பாக்கிறது? நான் 1.5 ஸ்பீட்லதான் ஓடவிட்டுப் பாத்தன். டேவிட் சுஷேயின்ர புவாரோ எவ்வளவோ மேல், கடைசி மட்டும் ஆள் தெரியாது. (அம்மாக்கு மட்டும் தெரியும். பேர்பெற்ற நடிகர் சின்ன வேஷத்தில வந்தா அவர்தான் கொலைகாரன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுவா.) ஷெர்லொக்கில உங்களுக்கு ஆர், ஜெரமி பிரெட்டோ கம்பர்பாட்சோ? 'சுழல்' பாத்தீங்களோ? எங்கட ஊர்ல மூளையைப் பாவிச்ச கொலைக் கேஸ் எண்டு ஒண்டும் இல்லாததாலதான் எங்களுக்கு ஒரு நல்ல துப்பறியும் தொடர் வரேல்லையோ? நானும் யூடியூப்புக்கு ஒண்டு எழுதுறன். முதல் எபிசோடை இணைச்சிருக்கிறன், வாசிச்சுப் பாருங்கோ.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகன்
(பேர் போட வேண்டாம் அக்கா)

தம்பி,

ரெண்டு வரியில பதில் போட்டுவிடுவம் எண்டுதான் இருந்தன். பிறகு நீங்க அனுப்பின எபிசோடைத் திறந்தன். வெள்ளவத்தை ஃபிளாட் ஒண்டில வட்டிக்குக் குடுக்கிற ஒருத்தர் செத்துக் கிடக்கிறார், பொலிஸ் வருது, டொக்டர் வாறார், குனிஞ்சு முகத்தைப் பாக்கிறார், கையைத் தூக்கிப் பாக்கிறார், "இரவு 9க்கும் 9.20க்கும் இடையில இறந்திருக்கிறார் சேர்" எண்டு சொல்லிப்போட்டு அவர் தன்ரபாட்டில போறார். காதைப் பிடிச்சு முறுக்கோணும் போல இருந்தது எனக்கு. கொஞ்ச நாளா நித்திரை வராத இரவுகளில இப்பிடித் தொடருகளைப் பாத்துப் பாத்து நான் புறுபுறுத்துக்கொண்டு இருக்கிறதே உந்த டொக்டரைப் பற்றித்தான். எல்லாத் தொடரிலயும் வாறார், எல்லாத்திலயும் அரை நிமிஷம்தான் வாறார், பொய் சொல்லுறார், போறார்.

முதல்ல மற்றதுகளை முடிச்சு விடுறன். ஷெர்லொக் எண்டா ஜெரமி பிரெட், 1984லேருந்து 1994 வரைக்கும் நடிச்சது, அதுக்கு மேல எனக்குக் கதை இல்லை. 'சுழல்' பாத்தன், மயானக் கொள்ளைத் திருவிழாவை உள்ளுக்குக் கொண்டுவந்த விதம் பிடிச்சது, நீளம் பிடிக்கேல்ல.

1.5 ஸ்பீட். கொலம்போ எண்ட அந்தப் பொலிஸ்காரர் பழைய றெயின்கோட்டோட, பியூஜோ 403 எண்ட ஓட்டைக் காரில வந்து, சுருட்டைக் கையில வச்சுக்கொண்டு, மனுசியைப் பற்றி ஏதோ அலட்டி, போயிட்டு வாறன் எண்டு கதவடிக்குப் போய், அங்க நிண்டு திரும்பி "இன்னும் ஒரே ஒரு விஷயம்" எண்டு கேப்பார். கதவடிக்குப் போற அந்த நேரத்திலதான் கொலைகாரன் அப்பாடா எண்டு மூச்சு விடுறான். நீங்க அந்த மூச்சை வெட்டிப்போட்டுச் சுவாரசியம் இல்லை எண்டு எனக்குக் கடிதம் எழுதுறீங்கள்!

கொலைகாரனை முதல்லயே காட்டுறது கொலம்போவை உருவாக்கின லெவின்சனும் லிங்கும் ரிவிக்காகக் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. ஒஸ்ரின் ஃப்ரீமன் எண்ட இங்கிலிஸ்காரர் 1912ல போட்ட கதைத் தொகுப்பிலயே செய்திட்டார், அவரும் ஒரு டொக்டர்தான். ஏன் செய்யிறது எண்டதுக்கு விடை உங்கட அம்மாவிட்ட இருக்கு. பேர்பெற்ற நடிகர்தான் கொலைகாரன் எண்டு வீட்டில இருக்கிற எல்லாருக்கும் தெரியும், பிறகேன் ஒளிக்கிறது? அதால அவங்கள் ரொபேட் கல்ப்பையும் ஜாக் கசிடியையும் பட்ரிக் மகூஹனையும் முன்னுக்கே கொண்டுவந்து கொல்ல விட்டிட்டு, இனி இவர் எப்பிடி மாட்டப்போறார் எண்டு பாருங்கோ எண்டு சொல்லிச்சினம். 1971ல அந்தத் தொடருக்கு ஸ்பீல்பேர்க் எண்ட ஒரு இளந்தாரியும் ஒரு எபிசோட் எடுத்துக் குடுத்தவர், அது உங்கட நண்பன் சொல்லியிருப்பான். அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ.

அதோட, கொலைகாரனைத் தெரிஞ்சா பிறகென்ன இருக்கு எண்டு தெஹிவளையில இருந்து ஒரு தமிழ்ப் பொடியன் கேக்கிறதும் வடிவாத்தான் இருக்கு. 83 ஆடிக் கலவரத்தில எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தவங்களில கனபேரின்ர முகம் எங்கட அம்மாக்குத் தெரியும். ஒருத்தரும் பிறகு வந்து கதவில நிண்டு இன்னும் ஒரே ஒரு விஷயம் எண்டு கேக்கேல்ல. நான் ஏன் அந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பாக்கிறன் எண்டுறதுக்கு இது காணும்.

இனி டொக்டர்.

தம்பி, உயிரோட இருக்கிற உடம்பு 37 பாகை. செத்த பிறகு சுத்தியிருக்கிற சூட்டுக்கு இறங்கும். லண்டனில பனிக்காலத்து வீடு 15 பாகை எண்டா, இறங்கிறதுக்கு 22 பாகை இடம் கிடக்கு. கொழும்பில இரவிலயும் அறைக்குள்ள 28, 29. இறங்கிறதுக்கு இருக்கிறதே எட்டோ ஒம்பதோதான். நுவரெலியாவில தேத்தண்ணி ஆறுறதும் இங்க ஆறுறதும் ஒண்டோ? போதாக்குறைக்கு, செத்த உடன இறங்கத் தொடங்கிறதும் இல்லை, கொஞ்ச நேரம் அப்பிடியே நிக்கும், எவ்வளவு நேரம் எண்டது ஆளுக்கு ஆள் மாறும். காய்ச்சலோட செத்திருந்தா தொடக்கமே 37 இல்லை. உடம்பு விறைக்கிறதைப் பாத்துச் சொல்லுவம் எண்டா, எங்கட வெக்கையில விறைப்புக் கெதியா வந்து கெதியாப் போயிடும். இரைப்பையில கிடக்கிற சாப்பாட்டைப் பாத்துச் சொல்லுவம் எண்டா, பயந்த மனுசருக்குச் சமிபாடே நிண்டு போகும், கொலை செய்யப்படுறவைக்குப் பயம் வராமலோ? ஜெர்மனியில ஹென்ஸ்கே எண்ட சட்ட வைத்தியர் எடை, உடுப்பு, காத்து, ஈரம் எல்லாத்தையும் கணக்கில எடுத்து ஒரு வரைபடமே போட்டு வச்சிருக்கிறார், எத்தினையோ நாட்டில அதைத்தான் பாவிக்கினம். எல்லாத்தையும் ஒழுங்கா அளந்து, எல்லாம் வாய்ப்பா அமைஞ்சாலும் அது சொல்லுறது 2.8 மணித்தியாலம் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டுதான். கூட்டிப் பாருங்கோ, அஞ்சரை மணித்தியாலம். உங்கட டொக்டர் தெர்மோமீற்றர் கூட எடுக்காமல் கையைத் தொட்டுப்பாத்து 20 நிமிஷத்துக்குள்ள கொண்டுவந்திட்டார். அவருக்குச் சிலை வைக்கோணும்.

நீங்க மட்டும் இல்லை, பெரிய காசு போட்டு எடுக்கிறவையும் இதைத்தான் செய்யினம். ஏனெண்டா முழுக் கதையும் அதிலதான் தொங்குது. செத்தது 9.10, மருமகன் 9க்குக் கலியாண வீட்டில நிண்டவர், அப்ப அவர் இல்லை. அந்த 9.10ஐ உருவி எடுத்தா கதையே இல்லை.

சரி, கதைக்கு எண்டா பொய் சொல்லலாம் எண்டுவீங்கள். ஆனா எங்கட ஊர்ல மூளையைப் பாவிச்ச கேஸ் ஒண்டும் இல்லை எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அங்கதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கட வீட்டிலேருந்து பஸ்ஸில பதினஞ்சு நிமிஷம், பம்பலப்பிட்டி, சென்ற் அல்பன்ஸ் பிளேஸ். 1951 ஒக்டோபர் 9. கிரிக்கெட்காரர் சதாசிவத்தின்ர மனைவி வீட்டுக் கராஜுக்குள்ள கழுத்து நெரிச்சுக் கொல்லப்பட்டுக் கிடந்தா. சதாசிவம் ஆர் எண்டு தெரியுமோ? 1947ல சேப்பாக்கத்தில தென்னிந்திய அணிக்கு 215 அடிச்சவர், 1948ல பிராட்மனின்ர அணி இங்கிலாந்துக்குப் போற வழியில கொழும்பு ஓவலில விளையாடேக்க சிலோனின்ர கப்டன். அவர் அடிச்ச லேட் கட்டைப் பற்றிக் கதைக்கிற கிழவர்மார் இப்பவும் இருக்கினம். செத்தது நாலு பெம்பிளைப் பிள்ளையளின்ர தாய் எண்டதை அவையள் கதைக்கேக்க மறந்துபோவினம், அதையும் இதில சொல்லிவைக்கிறன்.

பொலிஸ் சதாசிவத்தைப் பிடிச்சது. வீட்டில வேலைக்கு நிண்ட பையன் ஓடிப்போய், பிறகு பிடிபட்டு, ஐயாவுக்கு நான் உதவி செய்தனான் எண்டு சொல்லி, மன்னிப்பு வாங்கிக்கொண்டு அரசாங்கத் தரப்புச் சாட்சியா மாறினான். அண்டைக்குக் காலமை சதாசிவம் டாக்சி ஒண்டில வெளிக்கிட்டுப் போனது எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். அப்ப மிஞ்சின கேள்வி ஒண்டுதான். அவ செத்தது அந்த டாக்சிக்கு முன்னமோ, பின்னமோ? முன்னம் எண்டா அவருக்குத் தூக்கு, பின்னம் எண்டா அவர் வீட்டுக்குப் போகலாம். ஒரு மணித்தியாலம், அதுக்கும் குறைய! அதுக்காக எடின்பரோவிலேருந்து சேர் சிட்னி ஸ்மித்தையே சதாசிவத்தின்ர தரப்பு கூப்பிட்டது, அந்தக் காலத்தில உலகத்திலயே பேர்போன சட்ட வைத்தியர். ஐம்பது நாளுக்கு மேல வழக்கு நடந்து 1953ல ஜூரி ஒரே மனதாக் குற்றவாளி இல்லை எண்டு விட்டது. அதுக்குள்ள மனுசன் கிட்டத்தட்ட 20 மாசம் றிமாண்டில இருந்திட்டார். வாதாடினது கொல்வின் ஆர் டி சில்வா. ஓம், 1956ல ஒரு மொழி எண்டா ரெண்டு நாடு எண்டு எச்சரிச்சுப்போட்டு 1972 அரசியல் யாப்பைத் தானே எழுதிக் குடுத்த அதே கொல்வின்தான், அந்தக் கேஸைப் பற்றி இன்னொரு கடிதத்தில கதைப்பம்.

இதெல்லாம் எனக்குப் பெரியப்பா சொன்னது. அவர் புதுக்கடையில ஒரு பிறக்கிராசியாரிட்ட (லோயர்தான்) கிளாக்கரா இருந்தவர். வழக்கு நடக்கேக்க கந்தோருக்குப் பொய் சொல்லிப்போட்டுக் கோட்டுக்குள்ள போய் நிப்பாராம், உள்ளுக்கு இடம் இல்லாட்டி வெளியில சனத்தோட நிண்டு, வாறவன் போறவனிட்ட என்ன நடந்தது எண்டு கேப்பாராம், பிடிபட்டு ஏச்சும் வாங்கினவர். ரூபவாஹினி வந்து, பிறகு எங்கட வீட்டுக்கும் ஒரு ரிவி வந்த காலத்தில அவர் கிழவராயிட்டார். இங்கிலிஸ் துப்பறியும் நாடகம் ஏதும் போனா முன் கதிரையில வந்து குந்துவார், கொலை நடக்கும், பேசாமல் இருப்பார், பொலிஸ் வரும், பேசாமல் இருப்பார், டொக்டர் வந்து ஒம்பதரை எண்டு வாயைத் திறந்தாப் போதும். "உவனுக்கு ஆர் சொன்னது? செத்தவன் எழும்பிச் சொன்னவனோ?" எண்டு கத்துவார். நாங்கள் சின்னப் பிள்ளையள், ஸ்ஸ் எண்டுவம். அவர் விடமாட்டார். எத்தினை பாகை எண்டு கேள், ஜன்னல் திறந்திருந்ததோ எண்டு கேள், எத்தினை மணிக்கு அளந்தவன் எண்டு கேள் எண்டு ரிவிக்குள்ள இருக்கிற வெள்ளைக்காரனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டு இருப்பார். பெரியம்மா வந்து தேத்தண்ணியைக் கையில குடுத்து அமத்தினாத்தான் மிச்சக் கதை எங்களுக்குக் கேக்கும். கொலைகாரன் ஆர் எண்டது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு மனுசன்ர கழுத்து அரை மணித்தியாலத்தில தொங்கினதைக் கிட்ட நிண்டு பாத்தவருக்கு வேற எதில கவனம் போகும், சொல்லுங்கோ.

அவர் எனக்குச் சொல்லாத ஒரு விஷயத்தை நான் பிறகு வாசிச்சன். இந்த வழக்கில சம்பந்தப்பட்ட கொழும்புப் பேராசிரியர் டி சேரமும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து 1955ல அமெரிக்கச் சஞ்சிகை ஒண்டில செத்த உடம்பின்ர சூட்டையும் செத்த நேரத்தையும் பற்றி ஒரு கட்டுரை போட்டிருக்கினம். வெக்கை நாட்டில உடம்பு எப்பிடி ஆறுது எண்டு அறியிறதெண்டா, செத்த நிமிஷம் சரியாத் தெரிஞ்ச உடம்பு வேணும். ஆஸ்பத்திரியில செத்த வருத்தக்காரர் சரிவராது, அவையளுக்குக் காய்ச்சல் இருந்திருக்கும். நல்ல சுகத்தோட, மணிக்கூட்டைப் பாத்துச் சாகிறது ஆர்? தூக்கில போட்டவை. அந்த உடம்புகளைத்தான் அவை அளந்தவை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில ஒருத்தரையும் தூக்கில போடேல்ல, ஆனா வெக்கை நாட்டுக் கணக்கு எண்டு வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் தேடேக்க இப்பவும் அந்தக் கொழும்புக் கட்டுரையைத் தொடுவினம். உங்கட ஊர்ல ஒண்டும் இல்லையோ?

உங்களுக்கு எந்த எபிசோட் பாக்கச் சொல்லுறது எண்டா, கொலம்போவில 1973ல வந்த வைன்காரர் எபிசோட், டொனல்ட் பிளசன்ஸ் நடிச்சது. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, முடிவைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. தம்பிக்காரனை மயக்கிக் கட்டி வைன் அறைக்குள்ள போட்டு ஏசியை நிப்பாட்டிப்போட்டு அண்ணன் நியூயோர்க் போயிடுறான், தம்பி உள்ளுக்கு மூச்சு முட்டிச் சாகிறான். அந்தக் கிழமை ஒருநாள் வெக்கை 100 பாகை ஃபாரன்ஹீற்றுக்கும் மேல போயிட்டுது. ஏசி இல்லாததால வைன் எல்லாம் பழுதாப்போச்சு, நாக்கில வச்ச உடன கண்டுபிடிக்கிறது அந்தக் கொலைகாரனேதான், கொலம்போ அவன்ர போத்தலையே எடுத்து அவனுக்கு ஊத்திக் குடுக்க வைக்கிறார். எந்த டொக்டரும் வந்து நேரம் சொல்லி அவனைப் பிடிக்கேல்ல. பெரியப்பா இருந்திருந்தா கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டியிருப்பார்.

உங்கட எபிசோடுக்கு வாறன். வசனம் நல்லாயிருக்கு, அந்த வாச்சர் ஐயா கதைக்கிற இடம் மெத்த நல்லாயிருக்கு, அதில கை வையாதேங்கோ. டொக்டரை மாத்துங்கோ. வெள்ளவத்தை ஃபிளாட், கடல் பக்கம், ஜன்னல் திறந்ததோ பூட்டினதோ? ஃபேன் ஓடினதோ? கறண்ட் எப்ப போனது? ஆள் கிடந்தது கட்டிலிலயோ வெறும் டைல்ஸ் தரையிலயோ? மெலிவோ தடிப்போ? பொலிஸ் வந்தது எத்தினை மணிக்கு, உடம்பை அளந்தது எத்தினை மணிக்கு? இதெல்லாத்தையும் எழுதிப்போட்டு, பிறகு அந்த டொக்டரை "ஏழரைக்கும் ஒரு மணிக்கும் இடையில, அதுக்கு மேல கேக்காதேங்கோ" எண்டு சொல்ல விடுங்கோ. அப்ப மருமகன் கலியாண வீட்டுக்கு ஒம்பது மணிக்குப் போனதில ஒரு பிரயோசனமும் இல்லை, உங்கட இன்ஸ்பெக்டர் வேற ஏதாவது கண்டுபிடிச்சே ஆகவேணும். அதை எழுதி அனுப்புங்கோ, வாசிக்கிறன்.