டொனேஷன் சீட்டுக்கு எடுத்து வைத்த பணத்தை அப்படியே வையுங்கள்

குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். சென்னையில் இருக்கும் பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ பிரிவில் மேனேஜ்மென்ட் கோட்டா இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்கு நன்கொடை தனியாகக் கொடுக்க வேண்டும், கட்டணத்துக்குப் பத்து லட்சம் கடன் வாங்க வேண்டும். மகளோ, “வேலூர் பாகாயம் கவர்ன்மென்ட் இன்ஜினியரிங் காலேஜில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) போதும்” என்கிறாள். ராத்திரி கருப்புத் திரையில் எழுத்து எழுத்தாக ஏதோ படிக்கிறாளாம், கேட்டால் ‘கெர்னல் டிரைவர்’ என்கிறாளாம். போன மாதம் அவள் அனுப்பிய ஏதோ ஒன்றுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வரிக்கு வரி குறை சொல்லிப் பதில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் அந்தக் கருப்புத் திரை இல்லை, பத்து லட்சம்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 13,775 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் நாலு வருடமும் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது 1992-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம், அந்தப் பணத்துக்கு ரசீதும் வராது. உங்கள் மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறாள். அந்த ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்துப் போட்ட நிமிடம் அந்தக் கட்டணச் சலுகை கையைவிட்டுப் போகிறது. பிள்ளை சம்பாதித்துக் கொண்டுவந்த உரிமையை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் போய் நிற்பது எந்தக் கணக்கிலும் சேராது. பெரியப்பா நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாதத் தவணையை அவர் கட்டப் போவதில்லை.

ஏஐ படிப்பின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிள்ளைக்கு அதில் நாட்டம் இருந்து, இடமும் கவுன்சிலிங்கில் கிடைத்தால் தாராளமாகப் படிக்கட்டும். இங்கே இரண்டும் இல்லை. மற்ற வழிகளை, டாக்டருக்குப் படிப்பதிலிருந்து பாங்க் பரீட்சை வரை, உறவுக்காரர்கள் ஏற்கெனவே அடுக்கியிருப்பார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை. அவள் ராத்திரி என்ன செய்கிறாள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

கெர்னல் என்பது ஒரு கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்கு அடித்தளமான பகுதி. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஓடுவதும் 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான். கேமரா, வைஃபை, டச் ஸ்கிரீன், பாட்டரி சார்ஜர் என ஒவ்வொரு சிப்பையும் அந்தக் கெர்னலோடு பேச வைக்கும் புரோகிராம்தான் டிரைவர். லினக்ஸ் கெர்னல் கோடில் பாதிக்கு மேல் டிரைவர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குப் ‘பேட்ச்’ என்று பெயர். ஆனால் அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னரும் மற்றவர்களும் வரி வரியாகப் படித்து, கேள்வி கேட்டு, திருப்பி அனுப்புவார்கள். இதுதான் ரிவ்யூ. உங்கள் மகளுக்கு வந்ததும் அதுதான். தறியில் ஒரு இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகுதானே மேலே ஓட்டுவீர்கள், அந்த மாதிரி அவர் நிறுத்தியிருக்கிறார். அனுபவமுள்ள ஒருவர் ஒரு ப்ளஸ் டூ பிள்ளை எழுதிய புரோகிராமை உட்கார்ந்து படித்துப் பதில் எழுதியிருக்கிறார் என்றால் அது மரியாதை. எந்தக் கல்லூரியிலும் காசு கொடுத்து இதை வாங்க முடியாது.

ரிவ்யூவில் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவளுக்காகவே விரிவாக எழுதுகிறேன், இந்தப் பகுதியை அவளிடம் கொடுங்கள். அடுத்தவர் பேட்ச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டால் சொந்தப் பேட்ச் தானாகத் திருந்தும்.

பேட்ச்சை எடுத்ததும் கோடுக்குத் தாவாதே அம்மா. மேலே எழுதியிருக்கும் விளக்கத்தைப் படி. என்ன கோளாறு, ஏன் இந்தத் திருத்தம் என்று அதில் இருக்க வேண்டும். ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம்தான் இருக்கலாம். பிறகு மெயின்டெய்னரின் ட்ரீயில், அதாவது அவர் வைத்திருக்கும் கெர்னல் பிரதியில், அதைப் போட்டு, கூடுதல் எச்சரிக்கைகளைக் காட்டும் டபிள்யூ=1 கொடுத்து கம்பைல் செய். கோடில் தவறு தேடும் ‘ஸ்பார்ஸ்’ கருவியை ஓட்டிப் பார். எழுதும் முறையைச் சோதிக்கும் ‘செக்பேட்ச்’ சொல்லும் இடைவெளிக் குறைகள் கடைசியில் பார்க்க வேண்டியவை. அதிலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அதன் பிறகு ‘ப்ரோப்’ ஃபங்ஷனுக்குப் போ. சிப் கண்டுபிடிக்கப்பட்டதும் முதலில் ஓடுவது அது. மெமரி, கிளாக், இன்டரப்ட் (‘என்னைக் கவனி’ என்று சிப் கூப்பிடும் சிக்னல்) என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வரும். நாலாவது படி தோற்றால் மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று வாங்கியதற்கு நேர் எதிர் வரிசையில் திருப்பி விட வேண்டும். ஒரு தாளில் வாங்கியதை இடது பக்கம், விட்டதை வலது பக்கம் எழுதிப் பார். ஒன்று விட்டுப்போனால் அங்கே லீக் இருக்கிறது, வாங்கியது திரும்பப் போகவில்லை.

இன்டரப்ட் எந்த இடத்தில் வாங்கப்படுகிறது என்று கவனி. லாக்கும் பஃபரும் தயாராவதற்கு முன்னே இன்டரப்ட்டைப் பதிவு செய்தால், கெர்னலுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் விட்டுச் சென்ற ஒரு இன்டரப்ட் அந்த நொடியே வந்து விழலாம். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷன், இன்னும் தயாராகாத பஃபரைத் தொடும், கெர்னல் விழும். டிரைவரைக் கழற்றும்போது இதே ஆபத்து தலைகீழாக வரும். ‘டெவ்எம்’ வகையில் வாங்கிய இன்டரப்ட்டைக் கெர்னல் தானாக விடுவிக்கும், ஆனால் ‘ரிமூவ்’ ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுவிக்கும். ரிமூவுக்குள் பஃபரைக் கையால் ஃப்ரீ செய்திருந்தால் நடுவில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. அப்போது இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் ஃப்ரீ ஆன மெமரியைத் தொடும். ஆயிரம் தடவை கழற்றி மாட்டினாலும் தெரியாமல் போகலாம். படித்துத்தான் பிடிக்க முடியும்.

ஸ்பின்லாக், அதாவது மற்றவர்களைச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு, பிடித்திருக்கும்போது தூங்கக்கூடிய (நடுவில் நின்று காத்திருக்கக்கூடிய) வேலை எதையும் செய்யக் கூடாது. ‘ஜிஎஃப்பி கெர்னல்’ போட்டு மெமரி கேட்பது அப்படிப்பட்ட வேலை. மெமரி தாராளமாக இருக்கும் மெஷினில் ஒழுங்காகவே ஓடும், மெமரி நெருக்கடி வரும்போதுதான் காலை வாரும். கெர்னலைக் கட்டும்போதே ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’, ‘ப்ரூவ் லாக்கிங்’ இரண்டையும் ஆன் செய்து வைத்தால் முதல் ஓட்டத்திலேயே எச்சரிக்கை வரும்.

இன்னும் இரண்டு. ‘காப்பி ஃப்ரம் யூசர்’ திருப்பித் தருவது எரர் எண் இல்லை, காப்பி ஆகாமல் மீந்த பைட்டுகளின் எண்ணிக்கை. அதை அப்படியே ரிட்டர்ன் செய்திருந்தால் தவறு, மைனஸ் ‘ஈஃபால்ட்’ போக வேண்டும். ‘பிளாட்ஃபார்ம் கெட் ஐஆர்க்யூ’ தோற்றால் நெகட்டிவ் எண் தரும். அதை அன்சைன்ட் வேரியபிளில் வாங்கினால் பூஜ்யத்துக்குக் கீழா என்ற சோதனை ஒருநாளும் உண்மையாகாது.

பதில் எழுதும்போது ப்ளெயின் டெக்ஸ்ட் மெயிலாக இருக்கட்டும், ஹெச்டிஎம்எல் மெயில் திரும்பி வந்துவிடும். சம்பந்தப்பட்ட வரிக்குக் கீழேயே எழுது. திருத்தி அனுப்பும் பேட்ச்சுக்கு வி2 என்று போட்டு, என்ன மாற்றினாய் என்பதை ‘---’ என்ற மூன்று சிறு கோட்டுக்குக் கீழே எழுது. பதில் வரவில்லை என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறு. அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரமும் பல மெயின்டெய்னர்கள் புதுப் பேட்ச் எடுக்க மாட்டார்கள். எழுத்துப் பிழை திருத்தும் பேட்ச் ஒன்றிரண்டு போதும், அதிலேயே தங்கிவிடாதே. அடுத்தவர் பேட்ச்சுக்குக் கீழே ‘ரிவ்யூட் பை’ என்று பெயர் போடும் தகுதி மெல்ல வரும். ‘டெஸ்டட் பை’ இப்போதே போடலாம், அந்தச் சிப் உன்னிடம் இருந்து, உண்மையாக ஓட்டிப் பார்த்திருந்தால்.

சிப் வேண்டுமே என்பீர்கள் ஐயா. இங்கேதான் உங்கள் பணத்தில் ஒரு சிறு பங்கு செலவாக வேண்டும். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று. ராஸ்பெர்ரி பை போர்டு ஒன்று. பிஎம்பி280 என்ற காற்றழுத்த சென்சார் ஒன்று, அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, அவள் வரி வரியாகப் படித்து ஒப்பிடலாம். யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று, 3.3 வோல்ட் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் கேபிள் போர்டைக் கெடுத்துவிடும். கிரவுண்டை 6-ஆம் பின்னில், கேபிளின் ஆர்எக்ஸ் கம்பியை 8-ல், டிஎக்ஸ் கம்பியை 10-ல் செருக வேண்டும், சிவப்புக் கம்பியைச் சும்மா விட்டுவிட வேண்டும். வேகம் 115200. கெர்னல் விழுந்தால் திரை உறைந்துபோகும், கடைசி வார்த்தை இந்தக் கேபிள் வழியாகத்தான் வெளியே வரும். போர்டு வாங்கும்வரை, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலிக் கம்ப்யூட்டரை ஓட்டும் ‘க்யூஎம்யூ’வில் பழகட்டும், அங்கே எத்தனை தடவை விழுந்தாலும் செலவில்லை. லினக்ஸ் ஃபவுண்டேஷன் கெர்னல் பழகுகிறவர்களுக்கு இலவசப் பாடம் வைத்திருக்கிறது, அதை முடித்துவிட்டு அவர்களின் கெர்னல் மென்டர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அம்மாவின் பயத்துக்கு: இந்த மெயில்கள் எல்லாம் உலகமே படிக்கும்படி பொதுவில் இருப்பவை. புரோகிராமை எழுதியவர் தன் பெயரையும் மெயில் முகவரியையும் போட வேண்டும், அவ்வளவுதான். போன் நம்பர், வீட்டு முகவரி, போட்டோ எதுவும் தேவையில்லை. இதற்கென்று தனி மெயில் ஐடி வைத்துக்கொள்ளட்டும். யாராவது தனியாக நம்பர் கேட்டாலோ பணம் கேட்டாலோ பதில் போடாமல் உங்களிடம் காட்ட வேண்டும். இதில் தளர்வே வேண்டாம். படிப்பு நேரத்தை இரவு ஒரு மணியிலிருந்து விடிகாலைக்கு மாற்றச் சொல்லுங்கள், அதையும் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

வேலை? மறைக்காமல் சொல்கிறேன். கல்லூரிக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் இதற்கு எடுப்பதில்லை. ‘எம்பெடட் லினக்ஸ்’, ‘டிவைஸ் டிரைவர்’, ‘பிஎஸ்பி’ (போர்டு சப்போர்ட் பேக்கேஜ்), ‘போர்டு பிரிங் அப்’ என்ற பெயர்களில் தனியாகத் தேட வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், குவால்காம், என்எக்ஸ்பி, இன்டெல் எல்லாருக்கும் பெங்களூரில் அலுவலகம் உண்டு. உங்கள் ஊர் ஸ்டேஷனும் அந்த ரயில் பாதையில்தான் இருக்கிறது. இன்டர்வியூவில் கேட்பது இன்டரப்ட்டும் லாக்கும்தான். கெர்னலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பேட்ச்சை அவள் பெயரோடு யாரும் தேடிப் பார்க்கலாம். ஈசிஇ-யில் மைக்ரோபிராசசரும் டேட்டாஷீட் படிக்கும் பழக்கமும் கிடைக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தைத் தானாகச் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

கவுன்சிலிங்கில் பாகாயம் ஈசிஇ-யை முதலாவதாகவும், ஆரணி பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி ஈசிஇ-யை இரண்டாவதாகவும், அதன் பிறகு இரண்டு கல்லூரிகளின் சிஎஸ்இ-யையும் வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தயாராக இருக்கட்டும். பொதுப் பிரிவில் இடம் வந்தால் கைகொடுக்க, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் பதிந்த செல் நம்பருக்குத்தான் ஓடிபி வரும். பிரௌசிங் சென்டர்காரர் தன் நம்பரைப் போட்டிருந்தால், சாய்ஸ் லாக் செய்யும் (கல்லூரி வரிசையை உறுதி செய்யும்) நாளுக்கு முன் கவுன்சிலிங் சேவை மையத்தில் கேட்டு உங்கள் நம்பராக மாற்றிவிடுங்கள்.